பால்வாடிப் பிள்ளைகளுக்கு நாடகம் போடக் கிளம்புகிறவர்களுக்கு

ரெண்டு வயசிலிருந்து நாலு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு நாடகம் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் உடனே "சின்னப் பிள்ளைங்கதானே, ஒரு கதை, ரெண்டு பாட்டு, முடிஞ்சது" என்பார். நான் ராமநாதபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு பல வருஷமாக நாடகம் செய்கிறவள், எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்த வேலையில் ஒரு மழைக்காலமும் 54,000 ரூபாயும் போயிற்று. பணம் போனதைவிட, இதைப் பற்றித் தமிழில் பேச ஓர் ஆள் கிடைக்காமல் ராத்திரி ராத்திரியாக நானே விழுந்து எழுந்ததுதான் எரிச்சல். அதனால் எழுதிவைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வயசுக்கு எத்தனை பிள்ளைகள், எந்த இடம், எந்த நேரம், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் நாடகத்துக்கு வெளியே இருக்கிற ஏற்பாடு கிடையாது, பாதி நாடகமே அதுதான். ஒத்திகைக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் அது பேப்பரில் வந்துவிட வேண்டும்.

வேலை வந்த விதம் இது. மண்டபம் என்கிற ஊர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் வேலை செய்யும் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) குழந்தைகள் தினத்துக்கு பால்வாடிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நாடகம் வேண்டும் என்று கேட்டது. ஒரு லட்சம் தருவதாகப் பேச்சு, 40,000 முன்பணம். பேச்சு எல்லாம் போனில்தான், இந்தப் பக்கம் எல்லா நிகழ்ச்சியும் அப்படித்தான் பேசி முடிக்கப்படும். எனக்கு ரெண்டு நடிகர்கள். ஒருவன் கூத்துக் குடும்பத்துத் தம்பி, மைக் இல்லாமல் ஊர்க்கோடி வரைக்கும் குரல் எட்டும். இன்னொருத்தி பரமக்குடிப் பக்கத்திலிருந்து வரும் பெண், முன்னால் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். இவளை நான் சேர்த்தது எவ்வளவு நல்லது என்று பின்னால்தான் தெரிந்தது.

பெரிய பிள்ளைகளுக்கு என்றால் கதையில் தொடங்குவேன். இங்கே அது நடக்கவில்லை, நான் எழுதிக்கொண்டு போன ஆமைக் கதையை ஒரு பிள்ளையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்கவில்லை. சரி என்று நோட்டை மூடிவிட்டு ஒரு பால்வாடியில் போய்ச் சும்மா உட்கார்ந்தோம். அங்கன்வாடிக்குள் நினைத்தபடி போய் உட்கார முடியாது, வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும், உங்கள் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. புது முகம் என்றால் இந்த வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேர் டீச்சர் சேலைக்குப் பின்னால் போய்விடுவார்கள். தம்பி அவர்களைச் சிரிக்கவைக்க ஒரு தடவை கண்ணை உருட்டினான், அவ்வளவுதான், ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, வரிசையாகக் கிளம்பிவிட்டது. ஆயா அவனைப் பார்த்து, "ஏந்தம்பி, நீ சுவத்தப் பாத்து ஒக்காரு, அதுகளா வரும்" என்றார். எந்த நாடகப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஓலையை முடைய ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மூணு பேர்.

கையோடு கொண்டுபோன சாமான்களைத் தரையில் வைத்துவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டோம். பனை ஓலைப் பெட்டிகள், வலையில் கட்டும் மிதவை, துணி, ஒரு பெரிய சங்கு, பித்தளைச் செம்பில் தண்ணீர். ஒரு பையன் மிதவையைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, ஒரு கண்ணால் உள்ளே பார்த்து, இருக்கிறது என்று உறுதியானதும் மறுபடி அழுத்தினான். மதியச் சாப்பாடு வரும்வரை அதே வேலை. கண்ணுக்கு மறைந்த பொருள் எங்கேயும் போய்விடவில்லை என்கிற நினைப்பு ஒரு வயசுக்குள்ளேயே பிள்ளைக்கு வரத் தொடங்குகிறது என்று குழந்தை உளவியலில் சொல்வார்கள். மூணு வயசிலும் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை தீருவதில்லை. இந்தக் கரையில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் விடிவதற்குள் கடலுக்குப் போய்விடுவார்கள், அப்பா ராமேசுவரம் விசைப்படகில் போகிறவர் என்றால் ராத்திரியும் இருக்க மாட்டார். போவதும் வருவதும்தான் அந்த வீடுகளின் அன்றாடம். எங்கள் நாடகம் அங்கேயே கிடைத்துவிட்டது: ஒரு பெட்டி, அதற்குள் ஒன்று போகிறது, வருகிறது, இன்னொன்று போகிறது, வரத் தாமதமாகிறது, வருகிறது. இதற்கு மேல் கதை கிடையாது. நீங்கள் செய்யும்போது உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று பாருங்கள். நிரப்புவது, கவிழ்ப்பது, ஒளிப்பது, அடுக்கித் தள்ளிவிடுவது, இந்த நாலில் ஒன்று நிச்சயம் இருக்கும்.

சாமான் விஷயத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது. வலை வேண்டும் என்று கேட்டதும் ஊரில் ஆசையாகப் பழைய வலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அடி விளிம்பு முழுக்க ஈயக் குண்டு. ஈயம் விஷம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் போனாலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவர்களோ கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கிற வயசு. குண்டை அறுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது உரசிய கயிற்றிலும் கறை இருக்கும். வலையையே திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து அகலக் கண் வைத்து நாங்களே ஒன்று பின்னினோம். தங்கூசி வலை (ஒற்றை நைலான் இழை) என்றால் அதுவும் ஆகாது, பிஞ்சு விரலை இறுக்கிவிடும். தெர்மாகோல் மிதவை பொடிப்பொடியாகப் பிய்ந்து வாய்க்குள் போகும். சோழி, சின்னச் சிப்பி எல்லாம் தொண்டையில் அடைக்கும். மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் கூடாது. நான் அதைவிடத் தாராளமாக, ஒன்றரை இஞ்ச் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி எப்போதும் பையில் வைத்திருக்கிறேன், உள்ளே போகிற சாமான் நாடகத்துக்கு வராது. இன்னொருவர் அன்பாகக் காய்ந்த கடல்குதிரையும் பவளப்பாறைத் துண்டும் நீட்டினார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை, வைத்திருந்தாலே வழக்கு. கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

ஒத்திகையில் நேரம் தின்றது தம்பியின் குரல்தான். ஆயிரம் பேருக்குப் பாடிப் பழகிய ஆளை இருபது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு மாதிரி பேசச் சொன்னால் அவனுக்கு அவமானமாக இருக்கிறது. "அக்கா, இதுல நான் நடிக்கவே இல்லையே" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு கிளம்பியே விட்டான். பாலர் பள்ளிப் பெண்தான் சமாதானம் செய்தாள். வேறொன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாள் என்று பார்க்கச் சொன்னாள். பெரியவர்களுக்கு அலுத்துப்போகும் நேரத்தில்தான் பிள்ளைகள் குனிந்து கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு செய்கையும் மூணு தரம் வரட்டும், முதல் தரம் பார்க்க, ரெண்டாம் தரம் தெரிந்துகொள்ள, மூணாம் தரம் அவர்களே முந்திக்கொண்டு சொல்ல. முகத்தில் சாயம், முகமூடி, மீசை எதுவும் வேண்டாம். திடீர்ச் சத்தம் வேண்டாம், முழு இருட்டு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் வரும்போது நடிகர்கள் ஏற்கெனவே உட்கார்ந்து கைவேலை செய்துகொண்டிருக்கட்டும், நிமிர்ந்து வரவேற்கக்கூட வேண்டாம். எங்களுடையது 25 நிமிஷம், முடிந்ததும் எல்லாச் சாமானையும் பிள்ளைகள் எடுத்து விளையாட இன்னொரு கால் மணி நேரம். அந்தக் கால் மணியை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள், கண்ணில் காட்டிவிட்டுக் கையில் கொடுக்காமல் போவது இந்த வயசுக்குச் செய்கிற அநியாயம்.

பிரச்சினை அக்டோபர் கடைசியில் தொடங்கியது. ஒத்திகை பார்க்க வந்த ஒருங்கிணைப்பாளர் கடைசி வரை அமைதியாக இருந்துவிட்டு, "மேடம், நல்லாருக்கு, ஆனா கருத்து என்ன? கை கழுவுறது, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஏதாவது ஒரு மெசேஜ் கடைசில சொல்லிடுங்க" என்றார். ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு பிளாஸ்டிக் ஒழிப்பு! இத்தாலியில் பொலோனியா நகரத்து லா பராக்கா குழு 1987 முதல் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கென்றே நாடகம் செய்வதையும், லண்டனில் 1981-இல் தொடங்கிய ஆய்லி கார்ட் குழு தொடுவது, முகர்வது, கேட்பது என்று புலன்களை வைத்தே நாடகம் கட்டுவதையும் போனில் எடுத்துக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டு, "அது ஃபாரின் மேடம்" என்றார். அடுத்த வாரம் லைட், ஸ்பீக்கர், ஜெனரேட்டர் கட்டாயம் வேண்டும் என்று செய்தி. அதற்கு வாடகை 22,000, பணத்தை நான் போட்டேன், மீதித் தொகையோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். இடமும் பால்வாடியிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு மாறியது, அதை எங்களுக்குச் சொன்னதே ரெண்டு நாள் முன்னால்.

நவம்பர் 14. காலையிலிருந்து மழை. மண்டபத்தில் ஏறக்குறைய முந்நூறு பிள்ளைகள், எட்டாம் வகுப்பு வரைக்கும். முன் வரிசை நாற்காலிகளில் பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் தரையில் பால்வாடிப் பிள்ளைகள். பத்து மணிக்கு என்று சொன்ன நிகழ்ச்சி சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை எல்லாம் முடிந்தபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் பால்வாடியில் அவர்கள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். பசி, ஈரம், ஒன்றுக்குப் போக வழி தெரியாத தவிப்பு, கழிவறை மேடைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. நாங்கள் மேடையில் கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறக்கிறோம், பத்தடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெரிய பையன்கள் விசிலடித்தார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்பீக்கர்காரர் நல்ல எண்ணத்தில் சத்தத்தைக் கூட்டிவைக்க, சங்கு ஊதும் இடத்தில் அது அலறியது, தரையிலிருந்த குட்டிகள் மொத்தமும் ஒரே குரலில் அழுதார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன், நிறுத்திவிட்டோம். மேடைக்குப் பின்னால் நின்று அந்தப் பெண் அழுதாள், எனக்கு அழுகைகூட வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

மீதி 60,000 வரவில்லை. "நாடகம் முழுசா நடக்கல, கதையும் இல்ல, கமிட்டி ஒத்துக்க மாட்டேங்குது" என்றார்கள். நடிகர்களின் சம்பளம் 38,000, லைட்டும் ஸ்பீக்கரும் 22,000, வேன் 11,000, சாமான் 9,000, ஒத்திகை இடமும் சாப்பாடும் சில்லறையும் 14,000, ஆக 94,000 செலவு. வந்தது 40,000. நடிகர்களுக்கு நான் பாக்கி வைக்கவில்லை, நகையை வைத்துத்தான் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாட்ஸப் செய்திகளை வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். போடலாம், ஆனால் ஜெயிப்பதற்குள் அந்தத் தொகை செலவாகிவிடும் என்றார்.

இப்போது யார் கூப்பிட்டாலும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய நிபந்தனைத் தாள் போகிறது, கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் தேதி கொடுப்பேன். அதில் இருப்பவை: ஒரு காட்சிக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் இல்லை, வயசு ரெண்டிலிருந்து அஞ்சு, அண்ணன் அக்காக்கள் வந்தால் அவர்களுக்குப் பின்வரிசை. மேடை கிடையாது, தரை, அதுவும் பிள்ளைகள் ஏற்கெனவே பழகிய இடம். காலை பத்துக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிந்துவிட வேண்டும், விருந்தினர் பேச்சும் பொன்னாடையும் அதற்கு அப்புறம். மைக் இல்லை, ஃபிளாஷ் போட்டுப் போட்டோ இல்லை, பிள்ளைகளின் முகம் எங்கேயும் போட வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். இடமோ எண்ணிக்கையோ மாறினால் நாடகம் நடக்காது, முன்பணம் திரும்பாது. பாதிப் பணம் ஒத்திகைக்கு முன், மீதி காட்சி தொடங்குவதற்கு முன். அப்புறம், கொட்டை எழுத்தில் ஒரு வரி: இதில் அறிவுரை கிடையாது. இந்தத் தாளைப் பார்த்துச் சிலர் பின்வாங்குகிறார்கள். பின்வாங்கட்டும், நவம்பர் 14-க்கு முன்னாலேயே அவர்கள் பின்வாங்கியிருந்தால் எனக்கு நகை மிஞ்சியிருக்கும்.

அதே நாடகத்தைப் பொங்கல் முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்து பார்த்த பால்வாடியிலேயே காசு வாங்காமல் போட்டோம், சாமான் சும்மா கிடந்து வீணாவதைப் பார்க்க முடியவில்லை. பெட்டி மூடியைத் தூக்கினதும் அந்தப் பையன் "இருக்கு!" என்று கத்தினான், அடுத்த தரம் எல்லாரும் கத்தினார்கள். ஆனால் அங்கேயும் ஒரு தொல்லை இருந்தது, அது தாய்மார்கள். பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி "அங்க பாரு, கை தட்டு, மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை எங்கே பார்க்கிறதோ அதுதான் அதற்கு நாடகம், மூலையில் ஓடும் எறும்பாக இருந்தாலும். இப்போது ஆரம்பத்திலேயே அவர்களைத் தனியாக உட்காரவைத்து ரெண்டு நிமிஷம் பேசிவிடுகிறோம்: மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் பாருங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படலாமா என்று முடிவு செய்யும். அழுதால் வெளியே தூக்கிப்போய் வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டோம். இதைச் சொன்ன பிறகு அழுகை பாதியாகக் குறைந்தது.

தாய்மார்கள் வேண்டுமென்றால் கடலின் நாள்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். பாசி எடுப்பவர்கள் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் கடலில் இருப்பார்கள், அந்த நாட்களில் கூப்பிட்டால் பாட்டிகள்தான் வருவார்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும், கிளம்பும் நாளில் அந்த வீடுகளில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாமார்களும் ஊரில் இருப்பார்கள், கூட்டம் நன்றாக வரும், ஆனால் கையில் காசு இருக்காது, அந்த நேரத்தில் ஊரிடம் நன்கொடை கேட்காதீர்கள். ஆனி, ஆடியில் வெளியே பந்தல் போட்டு நடத்தும் எண்ணமே வேண்டாம். கச்சான் காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடிக்கிற சத்தத்துக்கே பிள்ளைகள் மிரளுவார்கள், கண்ணெல்லாம் மணல். ஒரு தடவை எங்கள் சேலை வலை பறந்து வேலிக் கருவையில் மாட்டிக்கொண்டது, அதை முள் முள்ளாக எடுத்ததுதான் அன்றைய நாடகம்.

என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். நான் இப்போது ஒரு காலையில் ரெண்டு பால்வாடிகள், ஒரே ஊரில், ஒன்பதே கால் மணிக்கு ஒன்று, பத்தரைக்கு இன்னொன்று என்று சேர்த்து 9,000 வாங்குகிறேன். நேரத்தில் இந்த ஒரு தளர்வை மட்டும் தாளில் கையால் திருத்திக்கொள்வேன். நடிகர்கள் ரெண்டு பேருக்கு 4,500, வேனுக்கு 2,000, சாமான் தேய்மானத்துக்கு 500, மீதி எனக்கு. சாமான் தேய்மானத்தை லேசாக எண்ணாதீர்கள். விளையாட்டு நேரம் முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றோ ரெண்டோ குறையும். கேட்டு வாங்குவதில்லை, கீழக்கரைப் பக்கத்தில் ஓலைப்பெட்டி முடையும் பாட்டியிடம் மாதத்துக்கு ஒரு டஜன் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் அவர் பெட்டிக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டார்.